மாப்பிள்ளை கட்டிய பாடி

ஊரெல்லாம் லாரிக்குப் பாடி கட்டிக்கொண்டிருந்த நாமக்கல்லில், இரும்பறுக்கும் சத்தத்தில் கண் விழித்து வெல்டிங் வெளிச்சத்தில் சாயங்கால டீ குடிக்கிற ஜனங்களுக்கு நடுவில், விரல் நீளக் காருக்குப் பாடி கட்டுகிற மாப்பிள்ளை ஒருவனும் இருந்தான். பெயர் சென்னியப்பன், சொந்த ஊர் தாராபுரம் பக்கம். பரமத்தி ரோட்டில் பெரிய ஷெட் வைத்திருந்த நாச்சிமுத்துவின் ஒரே மகள் கோகிலவாணியைக் கட்டிக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தவன், ஷெட்டின் முன்னறையில் உட்கார்ந்து போன் எடுப்பதையும், வருகிறவர்களுக்கு டீ சொல்வதையும், மாமனார் கேட்காத நேரத்தில் யோசனை சொல்வதையும் தன் உத்தியோகமாக வரித்துக்கொண்டான். அவனுக்குக் காரோட்டத் தெரியாது. ஸ்டியரிங்கைத் தொட்டால் உள்ளங்கை வியர்த்து, பிரேக்கும் கிளட்சும் கால்களுக்கு இடம் மாறித் தெரிந்து, சொல்லிக்கொடுக்க வந்த டிரைவிங் ஸ்கூல்காரர் மோகனூர் பாதையில் பாதியிலேயே இறங்கி, நடந்தே போய்க்கொள்கிறேன் என்று கும்பிட்டுவிட்டுப் போனதை ஊர் இன்னும் மறக்கவில்லை, அவனும் மறக்கவில்லை.

ஓட்ட முடியாதவன் செய்யக்கூடிய அடுத்த காரியத்தை அவன் செய்தான். சூப்பர் மார்க்கெட்டில் கொக்கியில் தொங்குகிற, நிஜக் காரில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு அளவுள்ள இரும்புப் பொம்மைக் கார்களை வாங்கிவந்து, அடியில் இருக்கிற ரிவெட்டை ஊசி டிரில்லால் துளைத்துக் கழற்றி, தின்னரில் ஊறப்போட்டுப் பழைய பெயின்ட்டை உரித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பள்ளங்களை அடைக்கப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, வேறு சக்கரம் மாட்டி, வேறு நிறம் பூசி, அரிசியில் பாதி அளவுக்கு நம்பர் பிளேட் ஒட்டி, அதைப் படம்பிடித்து வாட்ஸ்ஆப் குழுவில் போடுவான். புனேயிலும் கொச்சியிலும் இருக்கிற முகம் தெரியாத ஆட்கள் நெருப்புப் படம் போட்டு வாழ்த்துவார்கள், அன்றைக்கெல்லாம் அவன் நடையே வேறு மாதிரி இருக்கும். ஷெட்டுக்கு வருகிறவர்களிடம் நாச்சிமுத்து மருமகனை அறிமுகப்படுத்துவதற்கென்றே ஒரு வாசகம் வைத்திருந்தார்.

“எங்க மாப்பிள்ளையும் பாடிதானுங்க கட்டுறாரு. என்ன, நம்ம பாடிக்கு கிரேன் வேணும். அவரு பாடிக்கு ரெண்டு எறும்பு போதும்.”

வந்தவர்கள் சிரிப்பார்கள், சென்னியப்பனும் சேர்ந்து சிரிப்பான். மற்றவர்களைவிடக் கொஞ்சம் சத்தமாகவே சிரிப்பான், ஏனென்றால் தன்னைப் பற்றிய கிண்டலுக்குத் தானே முதலில் சிரித்துவிட்டால் வலி பாதியாகக் குறைகிறது என்பது அவன் கண்டுபிடித்த ஒரே தொழில்நுட்பம்.

அப்படிப்பட்டவன் ஒரு ஆடி மாதத்தில், வெளிநாட்டுப் பந்தயக் கார்ப் பொம்மை ஒன்றை, தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கிற இரண்டு சீட்டுச் சிவப்புக் காரை, நாமக்கல் லாரியாக மாற்றுவது என்று முடிவு செய்தான். ஐஸ் குச்சியைச் சீவிப் பின்பக்கம் பலகை கட்டினான். பக்கத்துக்கு ஒரு மயில் வரைந்தான், பட்டு நூலைப் பிரித்துக் குஞ்சம் தொங்கவிட்டான், பட்டியை உருட்டி எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் செய்து முன்னால் கட்டினான். கடைசியாக, கண்ணாடிக்கு மேலே, லாரிகளுக்கு இருப்பதுபோல, தகரத்தில் நெற்றிப் பலகை ஒன்று வைத்தான். வைத்த பிறகுதான் சிக்கல் வந்தது. நெற்றிப் பலகையில் பிள்ளைகள் பெயர் எழுதாத வண்டியை நாமக்கல்லில் வேலை முடிந்த வண்டி என்று யாரும் ஒத்துக்கொள்வதில்லை. எந்த ஊர் டீக்கடையில் நிறுத்தினாலும் இன்னொரு லாரிக்காரர் முதலில் அதைத்தான் படிப்பார், படித்துவிட்டு, பெரியவன் என்ன படிக்கிறான், சின்னவள் பேசுகிறாளா என்று விசாரித்துக்கொண்டே பக்கத்தில் வந்து உட்காருவார். சென்னியப்பன் அந்த வெற்றுப் பலகையைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தான். பிறகு பிரஷ்ஷில் ஒரே ஒரு முடியை விட்டுவிட்டு மற்றதை வெட்டி எறிந்தான், லென்ஸைக் கண்ணில் மாட்டினான், மூச்சை அடக்கிக்கொண்டு மஞ்சள் பெயின்ட்டில் ‘தேன்மொழி’ என்று எழுதினான்.

அது அவன் மகளின் பெயர். வளைகாப்பு முடிந்து, கோகிலவாணி கையில் கண்ணாடி வளையல் சத்தம் ஓயாமல் இருந்த ஒரு சமயத்தில், ஏழாம் மாதம் பிறந்து, ஒருதரம்கூட அழாமல் போய்விட்ட மகள். பல வருஷம் ஆகிவிட்டது. நாச்சிமுத்துதான் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார், திரும்பி வந்து நேராக ஷெட்டுக்குப் போனார், அதோடு அந்த வீட்டில் அந்தப் பேச்சு நின்றது. குழந்தைக்கு என்ன பெயர் என்று யாரும் கேட்கவில்லை, பெயர் வைக்கிற அளவுக்கு அது இருக்கவில்லை என்று எல்லோரும் எல்லோருக்காகவும் முடிவு செய்துகொண்டார்கள். சென்னியப்பன் ஐந்தாம் மாதத்திலேயே பெயரை முடிவு பண்ணி வைத்திருந்தான், மனைவியிடம் சொல்வதற்கு நல்ல நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு நல்ல நாள் வரவே இல்லை. இப்போது போய்ச் சொன்னால் அவள் உடைந்துபோவாள் என்று நம்பினான். உண்மையில் அது பயம், அவளைப் பார்க்கிற பயம், ஆனால் அவன் அதற்கு அக்கறை என்று பெயர் வைத்தான். அந்த வீட்டில் அவன் தயங்காமல் வைத்த பெயர் அது ஒன்றுதான்.

எழுதி முடித்து, மேலே பளபளப்புக்கு வார்னிஷ் அடித்து, கண்ணாடி அலமாரியில் மற்ற கார்களோடு நிறுத்தினான். லென்ஸ் இல்லாமல் யாரும் அதைப் படிக்க முடியாது, லென்ஸ் அவனிடம்தான் இருக்கிறது, ஆகவே மகள் பத்திரமாக இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான். அந்தப் பெயரை யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் அன்றைக்கு இரண்டு தோசை கூடச் சாப்பிட்டான்.

அலமாரிக் கண்ணாடி ஒரு காலையில் விரிசல் விட்டிருந்தது. கோகிலவாணி பெருக்க வந்தவள், விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தாள்.

“ஏனுங்க, உங்க காரு பெருத்திருக்குது.”

பெருத்துத்தான் இருந்தது. முந்தின நாள் விரல் நீளம் இருந்தது மல்கோவா மாம்பழம் அளவுக்கு வந்து, பக்கத்தில் இருந்த கார்களை ஓரம் கட்டிவிட்டு, கண்ணாடியை நெற்றியால் முட்டிக்கொண்டு நின்றது. சென்னியப்பன், மழைக்காலமில்லையா, ஈரத்துக்கு ஊதியிருக்கும் என்றான். இரும்பு ஊதுமா என்று அவள் கேட்கவில்லை, அவன் சொல்கிற பல காரணங்களைக் கேட்டுப் பழகியவள். காரை எடுத்து டீப்பாயில் வைத்தாள். அது மறுபடி வளர்ந்து செங்கல் அளவானது, செங்கல்லிலிருந்து தையல் மிஷின் அளவானது, டீப்பாய் முனகத் தொடங்கியதும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தரையில் இறக்கினார்கள்.

அடுத்த வீட்டு ராசாமணி அக்கா இட்லி மாவு கேட்டு வந்தவள் அதைப் பார்த்துவிட்டு, மாவை மறந்துவிட்டு, காரைச் சுற்றி வந்தாள். வளர்கிற பொருளை வெறுமனே போட்டு வைக்கக் கூடாது என்பது அவள் கட்சி. “எண்ணெ தேச்சுக் குளிக்க வெய்யி கோகிலா. ஒடம்பு இறுகிரும் பாரு,” என்றாள். எந்த உடம்பு, எதற்கு இறுக வேண்டும் என்றெல்லாம் யாரும் கேட்கவில்லை. அந்த வீதியில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து, ஆளுக்கொரு பக்குவம் சொன்னார்கள். ஒருத்தி வசம்பு கட்டச் சொன்னாள், இன்னொருத்தி பட்டறைப் புகை படாத இடத்தில் வைக்கச் சொன்னாள், எதிர்வீட்டுக்காரி தன் மகன் இந்த அளவு வேகமாக வளரவில்லையே என்று கொஞ்சம் பொறாமையோடு சொல்லிவிட்டுப் போனாள். அவர்கள் எல்லோரும் பல வருஷமாகக் கோகிலவாணியைப் பெயர் சூட்டுக்கும் காது குத்துக்கும் அழைக்கத் தயங்கியவர்கள், அழைத்தால் வரமாட்டாள் என்று தெரிந்தவர்கள். இப்போது தயக்கமில்லாமல் நடை ஏறி வந்தார்கள். கோகிலவாணி பிளாஸ்டிக் தொட்டியில் வெந்நீர் விளாவி, காரை அதில் இறக்கி, சக்கர இடுக்கெல்லாம் விரல் விட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டி, பழைய சேலைத் துணியால் துவட்டி வெயிலில் நிறுத்தினாள். அவள் தினமும் அப்படிச் செய்தாள்.

சென்னியப்பன் நின்று அதைப் பார்த்தான். அவள் முகத்தில் அப்படியொரு வேலை மும்முரத்தை அவன் பார்த்து வருஷங்கள் ஆகியிருந்தன, அது சந்தோஷமாக இருந்தது. கூடவே, கார் வளர்ந்தால் நெற்றிப் பலகையும் வளரும், பலகை வளர்ந்தால் எழுத்தும் வளரும், குளிப்பாட்டுகிறவள் கண்ணில்தான் அது முதலில் படும் என்று பயமும் வந்தது. ஓடிப்போய், ஒயருக்குச் சுற்றுகிற கறுப்பு டேப்பைக் கொண்டுவந்து எழுத்தின் மேல் ஒட்டினான்.

“என்னங்க அது?”

“திருஷ்டிக்கு, கோகிலா. வளர்ற வண்டி.”

அவள் சரி என்று தலையாட்டினாள். ஆனால் கார் வளர்ந்தது, டேப் வளரவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் டேப்பின் இந்தப் பக்கம் கொம்பு எட்டிப் பார்க்கும், அந்தப் பக்கம் சுழி எட்டிப் பார்க்கும். அவன் பல் விளக்குவதற்கு முன்னால் போய் இன்னொரு துண்டு ஒட்டுவான். எலக்ட்ரிக் கடைக்காரர், வீட்டுக்கு ஒயரிங் செய்கிறீர்களா என்று விசாரித்தார். ஆமாம் என்று சொல்லிவைத்தான்.

ஆனால் வளர்ந்தது கார் மட்டுமில்லை, அவன் வேலையின் லட்சணமும் சேர்ந்து வளர்ந்தது. பெயின்ட் காய்வதற்குள் அவசரப்பட்டுத் தொட்ட கட்டைவிரல் ரேகை, விரல் நீளக் காரில் யார் கண்ணுக்கும் தெரியாதது, இப்போது பானட்டின் மேல் முறம் அளவுக்கு விரிந்து கிடந்தது. வார்னிஷில் சிக்கியிருந்த ஒரு தலைமுடி கயிறாகத் தடித்ததைப் பார்த்து, பால்காரர் பாம்பு என்று கத்திக்கொண்டு கேனோடு ஓடினார். இடது ஹெட்லைட் கோணலாக இருந்தது. ஒரு மயிலுக்குக் கால் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, கதவுக்கு வெறும் கோடுதான் உண்டு, அந்தக் கோட்டையும் அவன் பட்டி போட்டு மூடிவிட்டிருந்தான். உள்ளே சீட் இருக்கிறது, ஸ்டியரிங்கும் இருக்கிறது, உள்ளே போகத்தான் வழியில்லை. காரோட்டத் தெரியாதவன் செய்த கார் வேறு எப்படி இருக்கும் என்று ஊர் பேசிக்கொண்டது. சென்னியப்பனும் அதையேதான் நினைத்தான், ஊருக்கு முன்னாடியே நினைத்துவிட்டான்.

கார் கன்றுக்குட்டி அளவு வந்தபோது நாச்சிமுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நிதானமாக அதைப் பார்வையிட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஷெட்டில் முடிந்த வண்டியைப் பார்ப்பதுபோலவே ஒரு சுற்று வந்தார், குனிந்து பக்கவாட்டில் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார், விரல் நுனியால் தட்டிச் சத்தம் கேட்டார்.

“ஏனுங்க மாப்பிள்ளை, பட்டி பாத்தது யாருங்க?”

“நாந்தாங்க மாமா.”

“அந்த ஆள நாளைலருந்து வரவேண்டாம்னு சொல்லீருங்க.”

அதற்கும் சென்னியப்பன் சிரித்தான். அன்று சாயங்காலம் ஆறுதலுக்காகக் காரின் படத்தை வாட்ஸ்ஆப் குழுவில் போட்டான். பக்கத்தில் தானே நின்று, அளவு தெரிவதற்காகக் கையை அதன் கூரைமேல் வைத்திருந்தான். நெருப்புப் படம் ஒன்றுகூட வரவில்லை. குழு நிர்வாகி, அறுபத்து நான்கில் ஒன்று அல்லாத வண்டிகளுக்கு இங்கே இடமில்லை, விதிகளைப் படிக்கவும் என்று எழுதிவிட்டு அவனைக் குழுவிலிருந்து நீக்கினார்.

பாடி கட்டுகிறவர்கள் சங்கத்தில் இதைப் பற்றி ஒரு கூட்டம் நடந்தது. வண்டி தானாக வளர்வதென்று ஆகிவிட்டால் ஷெட்டுகளின் கதி என்ன என்று ஒரு கோஷ்டி கவலைப்பட்டது, லாரியையும் இப்படி வளர்க்க முடிந்தால் இரும்பு மிச்சமில்லையா என்று இன்னொரு கோஷ்டி கணக்குப் போட்டது. கடைசியில் எல்லோரும் சேர்ந்து சென்னியப்பனிடம் ஒரு பொம்மை லாரியைக் கொடுத்து, அதே மாதிரி வேலை செய்யச் சொல்லி, நாற்காலி போட்டுச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவனும் அதே பெயின்ட், அதே பிரஷ், அதே அவசரத்தோடு செய்து கொடுத்தான். லாரி வளரவில்லை. உட்கார்ந்திருந்தவர்களுக்கு டீயும் வடையும் போனதுதான் மிச்சம், கூட்டம் தீர்மானம் ஏதும் நிறைவேற்றாமல் கலைந்தது. வண்டியைப் பதிவு செய்ய வேண்டுமா என்று பார்க்க வந்த அதிகாரி, சேசிஸ் நம்பர் தேடி அடியில் படுத்துப் பார்த்து, அங்கே கொட்டை எழுத்தில் ஒரு வெளிநாட்டின் பெயர் மட்டும் இருப்பதைக் கண்டு, சட்டையைத் தட்டிக்கொண்டு எழுந்து, வளர்ந்து முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

டேப்பை மட்டும் ஊர் பிடித்துக்கொண்டது. சென்னியப்பன் காரில் நெற்றியில் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறது, கார் அசுரத்தனமாக வளர்கிறது, ஆகவே டேப்பில்தான் விஷயம் இருக்கிறது என்று முதலில் ஒரு டிரைவர் நினைத்தார், பிறகு எல்லோரும் நினைத்தார்கள். நாமக்கல்லைத் தாண்டிப் போன லாரிகள் எல்லாம் பிள்ளைகளின் பெயர்மேல் கறுப்பு டேப் ஒட்டிக்கொண்டு போயின. டீக்கடைகளில் லாரிக்காரர்கள் ஒருவருக்கொருவர் என்ன கேட்பதென்று தெரியாமல், டம்ளரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். நாச்சிமுத்துவுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசையாமல் கேட்டார்.

“பேர மறைக்கிறதுக்கு எதுக்குங்க மாப்பிள்ளை பேர எழுதறது?”

சென்னியப்பனுக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. ரசத்தையே பார்த்துக்கொண்டு, தெரியலீங்க மாமா என்றான். கோகிலவாணி அப்பளம் வைக்கிற சாக்கில் அவன் பக்கம் ஒருதரம் பார்த்தாள்.

கார் நிஜக் காரின் அளவுக்கு வந்து வாசல் கேட்டை அடைத்துக்கொண்டதும், ஷெட்டிலிருந்து ஆட்கள் வந்து கயிறு கட்டி இழுத்துப்போய் ஷெட்டுக்கு முன்னால் நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகு நாச்சிமுத்துவால் தாங்க முடியவில்லை. தன் போர்டுக்குக் கீழே, முறம் மாதிரி கைரேகையும் கால் இல்லாத மயிலுமாக ஒரு வண்டி நிற்பதை நாலு ஊர்க்காரன் பார்த்தால் என்ன நினைப்பான் என்று, ரேகையைத் தேய்க்கச் சொன்னார், பட்டியைப் பெயர்த்துக் கதவு வெட்டச் சொன்னார், நெற்றிப் பலகையைப் புதுசாக எழுதுவதற்கு ஆர்ட்டிஸ்ட் பெரியண்ணனை வரச் சொன்னார். மாவட்டத்தில் பாதி லாரிகளின் பிள்ளைகள் பெரியண்ணன் கையெழுத்தில்தான் இருந்தார்கள். அவர் ஏணி போட்டு ஏறி, டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார்.

“அண்ணா, வேண்டாங்க,” என்று சென்னியப்பன் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான். “அது அப்படியே இருக்கட்டும். திருஷ்டி.”

வீதிக்காரர்கள் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். ராசாமணி அக்கா முன்வரிசையில் இருந்தாள். கோகிலவாணி குளிப்பாட்டுகிற வாளியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள், வாளியைக் கீழே வைத்தாள்.

“எடுங்கண்ணா. எத்தன நாளைக்கு மூடி வெக்கிறது.”

டேப் அடுக்கடுக்காக வந்தது, துண்டு துண்டாக வந்தது, சரசரவென்று உரிந்து பெரியண்ணன் கழுத்தில் மாலைபோல விழுந்தது. ஒற்றை முடியால் எழுதிய எழுத்து, கை நடுங்கிய இடமெல்லாம் நடுங்கியபடியே, ஒரு முழ உயரத்துக்கு மஞ்சளாக நின்றது. கூட்டம் எழுத்துக்கூட்டிப் படித்தது. படித்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது.

“தேன்மொழியா? அது யாருங்க?” என்றாள் ராசாமணி அக்கா. குரலிலேயே அவள் முடிவுக்கு வந்துவிட்டது தெரிந்தது. கூட்டத்தில் இருந்தவர்கள் சென்னியப்பனைப் பார்த்த பார்வை மாறியது. கோழிப்பண்ணை ஆபீசில் ஒரு தேன்மொழி இருக்கிறாளே என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது, அவள் கல்யாணமாகிப் போய்விட்டாள் என்று இன்னொரு குரல் திருத்தியது. இந்த மூஞ்சிக்கா என்று மூன்றாவதாக ஒருவர் கேட்டார். தன்மேல் இப்படி ஒரு சந்தேகம் விழுமளவுக்குத் தனக்கு யோக்கியதை உண்டா என்று ஒரு நொடி சென்னியப்பனுக்கே வியப்பாக இருந்தது. பிறகு கோகிலவாணியின் முகத்தைப் பார்த்தான். இப்போதும் வாயைத் திறக்காவிட்டால், தன் மகள் இந்த ஊரில் யாரோ ஒரு பெண்ணாகத் திரிவாள் என்று புரிந்தது.

“எம் பொண்ணுங்க,” என்றான். ஏணியிலிருந்து கையை எடுத்தான். “எங்க பொண்ணு பேருங்க அது.”

ஷெட்டில் இரும்பறுக்கிற மிஷினை யாரோ நிறுத்தினார்கள். ராசாமணி அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். கோகிலவாணி மட்டும் அசையவில்லை.

“அது இத்துணூண்டு இருக்கறப்பவே படிச்சுட்டனுங்க,” என்றாள். “உங்க லென்ஸ என்ன, பீரோவுலயா பூட்டி வெச்சிருந்தீங்க? மேச மேலதான கெடக்குது.”

“அப்பறம் ஏன் கோகிலா ஒண்ணுமே கேக்கல?”

“நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்றதுக்குப் பதிலா நீங்க டேப்பு ஒட்டுனீங்க.” அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “அதுவுமில்லாம, எனக்கு அந்தப் பேரு புடிக்கல.”

“புடிக்கலையா?”

“தேன்மொழி என்னங்க தேன்மொழி. பள்ளிக்கூடத்துல தேனு தேனுன்னு ஏலம் போடுவாங்க. அவ பேரு தர்ஷினி. நான் இத்தன வருசமா அப்படித்தான் கூப்புட்டுட்டு இருக்கறேன்.”

“நீ எப்ப கூப்பிட்ட? நான் கேட்டதே இல்லையே.”

“பால் காச்சறப்பக் கூப்புடுவேன். துணி காயப் போடறப்பக் கூப்புடுவேன். நீங்க லென்ஸுக்குள்ள தலைய உட்டுட்டு இருக்கறப்ப, பக்கத்துல நின்னே கூப்புட்டிருக்கேன்.”

சென்னியப்பனுக்கு அதைத் தாங்க முடியவில்லை. தாங்க முடியாதபோது மனிதர்கள் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, அவன் சண்டையைப் பிடித்துக்கொண்டான். “தர்ஷினியாம் தர்ஷினி. வீதிக்கு மூணு தர்ஷினி இருக்குது. பேர்னா ஒரு அர்த்தம் வேண்டாமா?” என்றான், அழுதுகொண்டே. அர்த்தம் பார்த்து வைக்கிறவர்தான் கதவில்லாத கார் செய்கிறாரோ என்று அவள் கேட்டாள், அழுதுகொண்டே. அவர்களுக்குப் பல வருஷம் முன்னால் நடந்திருக்க வேண்டிய சண்டை அது, ஒரு சுற்று விடாமல் இப்போது நடந்தது. கூட்டம் முதலில் தலையைக் குனிந்துகொண்டிருந்தது, பிறகு மெல்ல நிமிர்ந்தது, பிறகு வழக்கம்போலக் கட்சி பிரிந்தது. ராசாமணி அக்கா தர்ஷினி பக்கம் போனாள். ‘ஷி’ எழுதினால் வால் பலகைக்கு வெளியே போகும் என்று ஏணிமேல் இருந்தபடியே பெரியண்ணன் தேன்மொழிக்கு ஓட்டுப் போட்டார்.

“ரெண்டும் வேண்டாம்,” என்று பின்னாலிருந்து நாச்சிமுத்து சொன்னார். “மொதப் பேத்திக்கு எங்கம்மா பேருதான் வெக்கோணும். அதுதான் மொறை. அருக்காணி.”

“அப்பா, இந்தக் காலத்துல போயி அருக்காணின்னு ஆராச்சும்...” என்று கோகிலவாணி திரும்பினாள்.

“இல்ல அம்மணி. வெச்சாச்சு.” அவர் யாரையும் பார்க்காமல், காரின் கோணல் ஹெட்லைட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அன்னைக்குத் தூக்கிட்டுப் போனனல்லொ. பேரில்லாம எப்படி உடறது? காதுல மூணு வாட்டி சொல்லிட்டுத்தான் உட்டேன்.”

கோகிலவாணி தன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சென்னியப்பன் ஊரே பார்க்க, மூக்கொழுக, காரின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்து அழுதான். நன்றாக அழுதான். தனக்கு மட்டும் ஒரு மகள் இருந்ததாகவும், அவளைத் தான் மட்டும் ஒரு முடி பிரஷ்ஷால் காப்பாற்றி வைத்திருப்பதாகவும் நினைத்துக்கொண்டிருந்த தன் கர்வத்தை நினைத்து, அழுகைக்கு நடுவே அவனுக்கே வெட்கமாக இருந்தது.

“ஏனுங்க,” என்று மேலேயிருந்து பெரியண்ணன் பணிவாகக் கேட்டார். “இப்ப எத எழுதறதுங்க?”

மூன்றையும் எழுதச் சொன்னார்கள். பலகை பத்தவில்லை. நாச்சிமுத்து தானே முகக்கவசம் மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் தகடு வைத்து வெல்டிங் அடித்து நீட்டினார், எந்தப் பெயர் முதலில் வருவது என்பதற்கு இன்னொரு சண்டை நடந்தது. அதன் பிறகு கார் வளர்ந்ததா இல்லையா என்று தெரியாது, யாரும் அளந்து பார்க்கவில்லை. லாரிக்காரர்கள் ஒவ்வொருவராக டேப்பை உரித்துப் போட்டார்கள். சென்னியப்பன் பொம்மைக் கார் வேலையை விடவில்லை, வேலையும் திருந்தவில்லை.

சங்ககிரியிலிருந்து புது லாரிக்குப் பாடி கட்ட விலை கேட்டு வந்த ஒரு டிரைவர், ஷெட்டுக்கு முன்னால் நின்ற அந்தச் சிவப்பு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். மயிலையோ குஞ்சத்தையோ அவர் பார்க்கவில்லை. அண்ணாந்து நெற்றிப் பலகையை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு, டீ கொண்டுவந்த சென்னியப்பனிடமும், வாளியோடு வந்த கோகிலவாணியிடமும் பொதுவாகக் கேட்டார்.

“மூணும் பொண்ணுங்களாங்க?”

“ஒரே பொண்ணுதானுங்க,” என்றாள் கோகிலவாணி. “பேருதான் மூணு.”

“அப்ப ரொம்பச் செல்லம்னு சொல்லுங்க.”

“ஆமாங்க,” என்றான் சென்னியப்பன். “ரொம்ப.”